வியர்வையில் குறையும் எடை எந்த எடை?

நாகர்கோவிலில் நான் விடியற்காலையில் நடக்கப் போகும் மைதானத்துக்கு, சித்திரை மாதத்துப் புழுக்கத்திலும் கழுத்துவரை பூட்டிய பிளாஸ்டிக் கோட்டோடு ஒருவர் வருவார். நடப்பதற்கு முன்பு ஒரு தடவை, நடந்து முடித்த பிறகு ஒரு தடவை என எடைப்பொறியில் ஏறிப் பார்ப்பது அவருடைய வழக்கம். இடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒருநாள் பனியனைப் பிழிந்தபடியே, "ஒரு கிலோ கொறஞ்சிருக்குல்லா, அண்ணே" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். எடைப்பொறி பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு கிலோ குறைந்துதான் இருந்தது. ஆனால் குறைந்தது எது என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வியர்வை, தண்ணீர், எடைக்குறைப்பு ஆகிய மூன்றையும் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நடக்கும்போது தண்ணீர் குடித்தால் உழைப்பு வீணாகிவிடும் என்று சொல்கிற அதே வாய்தான், நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தால் தொப்பை வற்றிவிடும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. உடலின் தண்ணீர்க் கணக்கையும் கொழுப்புக் கணக்கையும் நாம் ஒரே பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவற்றைப் பிரித்து எழுதினால் பெரும்பாலான குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

கொப்பரை சொல்லும் கணக்கு

உடைத்த முற்றிய தேங்காயின் பருப்பில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர்தான். அதை முற்றத்தில் வெயிலில் பரப்பிக் கொப்பரையாக்கும்போது, அந்த ஈரம் நூற்றுக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. நூறு கிலோ பருப்பைக் காயவைத்தவர் ஐம்பத்துச் சொச்சம் கிலோ கொப்பரையைத்தான் எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோவார். எடை பாதியாகக் குறைந்துவிட்டதே என்று அவர் வருந்துவதில்லை, ஏனென்றால் போனது ஈரம் மட்டுமே, எண்ணெய் முழுவதும் உள்ளேயே இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். விலையும் எண்ணெய்க்குத்தானே.

நம் உடலிலும் எடையின் பெரும்பங்கு தண்ணீரே. வளர்ந்த ஆணின் எடையில் சுமார் 60 சதவீதமும், பெண்ணின் எடையில் 50 முதல் 55 சதவீதமும் தண்ணீர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே சற்று அதிகம் என்பதும், தசையில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கையில் கொழுப்புத் திசுவில் அது மிகக் குறைவு என்பதும் ஆகும். ஆகவே, வியர்வையாக வெளியேறும் தண்ணீர் இரத்தத்திலிருந்தும், உயிரணுக்களுக்கு உள்ளும் புறமும் இருக்கும் நீரிலிருந்தும் வருகிறதேயன்றி, கொழுப்பு உருகி அந்த வழியாக ஒழுகுவதில்லை. ஒரு மணி நேரத்தில் வியர்வையில் இழந்த ஒரு கிலோ, கொப்பரை இழந்த ஈரம் போன்றது. எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மண்பானையும் தோலும்

அப்படியானால் வியர்வை எதற்கு? நடக்கும்போதும் ஓடும்போதும் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் இயக்கமாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால், 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டிய உடலின் வெப்பநிலை விரைவிலேயே ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். அதைத் தடுக்கும் ஏற்பாடுதான் வியர்வை.

இதே ஏற்பாடு நம் அடுக்களையின் மண்பானையிலும் உண்டு. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைக்கும் நீர், ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாதல் என்பது, நீர் கொதிக்காமலேயே மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாக வாயுவாக மாறிக் காற்றில் கலப்பது. தோலில் ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. கிலோகலோரி என்பது உணவின் ஆற்றலையும் உடலின் செலவையும் அளக்கும் அலகு. பேச்சில் நாம் வெறுமனே கலோரி என்று சொல்வது இதைத்தான். இதில் முழுவதுமாக ஆவியானால் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. தரையில் சொட்டும் வியர்வையும், சட்டையிலிருந்து பிழிந்தெடுக்கும் வியர்வையும் உடலைக் குளிர்விக்காமலே வீணாகப் போனவை.

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் சுமார் 300 கிலோகலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வெப்பமாகும் பங்கு முழுவதையும் வெளியேற்ற, ஆவியாகும் வியர்வை அரை லிட்டருக்கும் குறைவாக இருந்தாலே போதும். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஐப்பசி மழையில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததற்கும் இதுவே காரணம். குளிர்ச்சி கிடைக்காததால் உடல் மேலும் மேலும் வியர்வையைச் சுரக்கிறது, அதுவும் ஆவியாகாமல் வழிகிறது.

குளச்சல் கடற்கரையில் காற்று அசையாத ஒரு காலையில் ஒருவரும், காற்றாலைகள் ஓயாமல் சுழலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அதே எடையுள்ள இன்னொருவரும், ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் நடப்பதாக எண்ணிப் பாருங்கள். குளச்சல்காரர் தொப்பலாக நனைந்து ஒரு கிலோ குறைந்து நிற்பார். ஆரல்வாய்மொழிக்காரரின் சட்டை ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும், எடையும் அவ்வளவு குறைந்திருக்காது. இருவரும் செலவிட்ட ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். சொல்லப்போனால், எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு நடந்த ஆரல்வாய்மொழிக்காரருக்குத்தான் செலவு சற்றுக் கூடுதல்.

அதிகமாக வியர்ப்பது அதிகமாகக் கொழுப்பு எரிந்ததற்கு அடையாளமாகாது என்பதற்கு இன்னொரு சான்று, வெயிலுக்குப் பழகிய உடல். புத்தளம் பக்கத்து உப்பளங்களில் நாள் முழுவதும் வெயிலில் நிற்பவர்களுக்கு, நிழலில் அமர்ந்து வேலை செய்பவர்களைவிட விரைவிலேயே வியர்க்கத் தொடங்கும். வியர்வையின் அளவும் கூடுதலாக இருக்கும். அதில் உப்பு மட்டும் குறைவாக இருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் எந்த உடலும் பெறக்கூடிய பழக்கம் இது.

இப்போது பிளாஸ்டிக் கோட்டின் வேலை என்னவென்று விளங்கும். குளச்சல் கடற்கரையின் புழுக்கத்தை அது ஒருவரின் தோலுக்கும் துணிக்கும் இடையில் செயற்கையாக உண்டாக்குகிறது. வியர்வை கொட்டும், குளிர்ச்சி கிடைக்காது, உடற்சூடு ஏறும். அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டின் இறுதியில், குறிப்பிட்ட எடைப் பிரிவில் போட்டியிடுவதற்காக அவசரமாக எடையைக் குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள் இறந்துபோனார்கள். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, வியர்வையை வெளிவிடாத உடையணிந்து, சூடான இடத்தில் கடுமையாகப் பயிற்சி செய்ததே காரணம். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அத்தகைய உடைகள் தடை செய்யப்பட்டன. நம் மைதானங்களில் இதை யாரும் தடுப்பதில்லை. கடைகளில் எடை குறைக்கும் கோட்டு என்ற பெயரிலேயே விற்கிறார்கள்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். வியர்வை என்பது உடலைக் குளிர்விக்கச் செலவாகும் தண்ணீர். அதன் அளவைத் தீர்மானிப்பதில் உழைப்புக்கு ஒரு பங்கு உண்டு என்றாலும், காற்றின் ஈரம், காற்றோட்டம், உடை, பழக்கம் ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. எனவே கொழுப்பை அளக்க வியர்வை உதவாது.

கொழுப்பு எந்த வழியாகப் போகிறது?

அடுப்பில் ஐந்து கிலோ விறகு எரிந்தபின் ஒரு கைப்பிடிச் சாம்பல்தான் மிஞ்சுகிறது. மீதி எங்கே என்று நாம் கேட்பதில்லை, புகையாகப் போயிற்று என்று தெரியும். உடலில் கொழுப்பு எரிவதும் அடிப்படையில் அதே வேதிவினைதான். சுவாசித்த ஆக்சிஜனோடு சேர்ந்து அது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவர் 2014ஆம் ஆண்டில் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதுமாக எரிந்தால், 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சமுள்ள 1.6 கிலோ தண்ணீராகிறது. கொழுப்பு உடலை விட்டுப் போகும் தலைவாசல் மூக்குதான். அதற்காக உட்கார்ந்த இடத்திலேயே வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அடுப்பில் விறகு எரியாமல் புகைபோக்கியை மட்டும் அகலமாக்கிப் பயனில்லை.

உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 7,700 கிலோகலோரி. ஒரு மணி நேர நடைக்கு 300 கிலோகலோரி என்றால், அந்த ஆற்றல் முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டாலும் குறைவது 40 கிராம் அளவுதான். அந்தப் பிளாஸ்டிக் கோட்டு நண்பரின் ஒரு கிலோவில், ஏறக்குறைய 960 கிராம் தண்ணீர். அடுத்த இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குள் அது திரும்பி வந்துவிடும். 40 கிராம் என்றதும் சலிப்பு வரலாம். ஆனால் அதே நடையை நாள் தவறாமல் நடந்து, சாப்பாட்டையும் கூட்டாமல் இருந்தால், மாதத்துக்கு ஒரு கிலோ உண்மையான கொழுப்பு போகும். அது திரும்பி வருவதும் அவ்வளவு எளிதில்லை.

முதல் வாரத்து இறக்கம்

சோற்றை நிறுத்திய ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது, அதற்குப் பிறகு எடை நகரவே மாட்டேன் என்கிறது என்று சொல்லாதவர்கள் குறைவு. இங்கும் தண்ணீரே ஒளிந்திருக்கிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் அவசரத் தேவைக்காகச் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குப் பெயர் கிளைகோஜன். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் என இருக்கும் இது தனியாக இருப்பதில்லை. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தும்போது இந்தச் சேமிப்பு கரைகிறது, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் சிறுநீராகப் போகிறது. 500 கிராமும் 1,500 கிராமும் சேர்ந்தால் இரண்டு கிலோ. ஒரு கல்யாணப் பந்தியில் பருப்பு, சாம்பார், பாயசம் என்று அமர்ந்து எழுந்தால் அதில் பெரும்பகுதி மறுநாளே திரும்பிவிடும். ஒரே விருந்தில் இரண்டு கிலோ கொழுப்பு ஏறிவிட்டதாக அதற்காக மனம் ஒடிய வேண்டியதில்லை.

கருவாடும் ஊறுகாயும் மிகுந்த நாளில் உப்பைச் சமன் செய்ய உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் தசைகள், நோவு தீரும்வரை சற்றே நீர்கோத்து இருக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் எடை கூடுவது மிக இயல்பு. இவை எதுவும் கொழுப்பைப் பற்றிய செய்தி ஆகாது.

தண்ணீர் குறைந்தால்

எடை குறைந்ததாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்ப்பவர் உண்மையில் தன் உழைப்பையே குறைத்துக்கொள்கிறார். உடல் எடையில் இரண்டு சதவீத அளவுக்கு, அதாவது 70 கிலோ உள்ளவர் 1.4 லிட்டர் அளவுக்குத் தண்ணீரை இழந்தால், இரத்தத்தின் அளவு சுருங்குகிறது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு தசைக்கும் தோலுக்கும் ஈடுகொடுக்க இதயம் வேகமாக அடிக்கிறது. அதே நடை அதிகக் களைப்பாகத் தோன்றுகிறது. ஒரு மணி நேரம் நடக்க வேண்டியவர் நாற்பது நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். கொழுப்பு எரிய வேண்டிய இருபது நிமிடம் அப்படியே போய்விட்டது.

இதற்கும் மேலே போய், உடற்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, தான் எங்கே இருக்கிறோம் என்பதே புரியாமல் ஒருவர் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். அந்த நிலையில் உள்ளவரின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, புரையேறிவிடும்.

அளவுக்கு மிஞ்சினால்

இனி மறுபக்கம். குழம்பில் உப்பு சரியாக இருக்கும்போது இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைந்து சப்பென்று ஆகிவிடும். இரத்தத்துக்கும் இதுவே நேரும். வியர்வையில் தண்ணீரோடு சோடியமும், அதாவது சாப்பாட்டு உப்பில் இருக்கும் தனிமமும், போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகலாம், ஆளுக்கு ஆள் இது மாறும். பல மணி நேரம் வியர்த்தவர், தாகத்தையும் மீறி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. இதற்குச் சோடியக் குறைவு என்று பெயர். அப்போது தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மற்ற உறுப்புகள் ஓரளவு விரிந்துகொடுக்கும். மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு விரிய இடமில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு என்று அது முற்றக்கூடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களிடமே, அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடமே, அது மிகுந்து காணப்பட்டது.

நாளுக்கு எட்டுத் தம்ளர் என்ற விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒருவருக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் தேவை என்று கூறிவிட்டு, அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே எழுதியது. முதல் வாக்கியம் உலகம் சுற்றியது. இரண்டாவது வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். கஞ்சியையும் ரசத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரத்தத்தின் உப்புச் செறிவு சற்று ஏறியதுமே மூளை தாகத்தை எழுப்பிவிடுகிறது என்பதால், நலமாக உள்ள ஒருவர் ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தாகத்தை நம்பிக் குடித்தாலே போதும். முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும். இதயநோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு.

எதைக் குடிப்பது?

ஒரு மணி நேர நடைக்கு வெறும் தண்ணீரே போதும். வயல் வேலையோ நீண்ட ஓட்டமோ என்றால் உப்பும் வேண்டும். சிறுகுடலின் சுவர் சோடியத்தையும் சர்க்கரையையும் ஒன்றாகச் சேர்த்தே உள்ளிழுத்துக்கொள்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் இந்த வாசலைத்தான் பயன்படுத்துகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவால் துவண்டவர்களை மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரால் காப்பாற்றியது இந்த வழியில்தான். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது, ஏனென்றால் அதிலுள்ள மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைகிறது. மண்வெட்டியோடு வயலுக்குப் போனவர்கள் கஞ்சிக் கலயத்தையும் எடுத்துச் சென்றது பசிக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

கருக்கு என்று நாம் சொல்லும் இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம், வியர்வையில் மிகுதியாக இழப்பது சோடியம். உப்பிட்ட மோர் இந்த வகையில் அதைவிடப் பொருத்தமானது. அக்கானி என்று நாம் சொல்லும் பதநீரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அதில் சர்க்கரை இருப்பதால், அரை லிட்டர் குடித்தால் நடந்து செலவழித்த ஆற்றலில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். சர்பத்துக்கும் இதே கணக்குத்தான். எடையைக் குறைப்பதில் தண்ணீருக்கு உண்மையான பங்கு இருக்கிறதென்றால் அது இங்கேதான்: இனிப்பு பானத்துக்குப் பதிலாக அதைக் குடிக்கும்போது.

வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை, மார்கழியில் உறைந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் வைத்து உருக்கும் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். உடலின் கொழுப்பு 37 டிகிரிச் சூட்டில் ஏற்கெனவே உருகிய நிலையில்தான் இருக்கிறது. அதை மேலும் உருக்க எதுவும் இல்லை. வெந்நீர் இதமாக இருக்கிறது என்றால் குடிக்கலாம்.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம்

எடைப்பொறியை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்தலாம்; இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். கொழுப்புக் குறைவதை அறிய, காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு எடை பார்த்துக் குறித்துவையுங்கள். ஒருநாள் எண்ணைப் பொருட்படுத்தாமல், ஒரு வாரத்தின் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் இழப்பை அறிய, நடைக்கு முன்பும் பின்பும், வியர்வையைத் துடைத்துவிட்டு, நனைந்த துணி இல்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவையும் ஒரு லிட்டர் என்று கொண்டு, இடையில் குடித்த தண்ணீரையும் அதோடு கூட்டினால், அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியும். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். சித்திரையில் கிடைத்த எண் ஆடிக் காற்றில் செல்லாது என்பதால், பருவம் மாறும்போது மறுபடியும் ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கோட்டு நண்பருக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். கோட்டை அவர் இன்னும் விடவில்லை, ஆனால் இப்போது கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி இருக்கிறது.